மாமாவின் லேண்ட்ரோவரில் எது அசல்?

“பாப்பா, அந்தத் தம்பிகிட்ட சொல்லிடு. வண்டியப் பாக்க வரலாம். வாங்க வர வேணாம்.”

மாமா போனில் இதைச் சொன்னபோது நான் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, நிலையத்து கேன்டீனில் ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்தவர் அந்தத் ‘தம்பி’யேதான். எங்கள் விளம்பரப் பிரிவு நண்பரின் மைத்துனர். ஷா ஆலாமில் வீடு. வாசலில் வேலைக்கு ஓட்டிப் போகிற கார், பின்னால் கொட்டகையில் ஓடாத ராணுவ லேண்ட்ரோவர். இப்படிப்பட்ட வண்டிகளைத் தேடிப் பிடித்து, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே ஆக்குவது அவருடைய பொழுதுபோக்கு. மாமாவின் வண்டிக்கு அவர் சொன்ன விலையில் ஓரளவு நல்ல செகண்ட் ஹேண்ட் மைவி ஒன்றை வாங்கிவிடலாம்.

குடும்பத்தில் எல்லாரும் விற்கச் சொன்னார்கள். நானும்தான். மாமாவுக்கு வயது 71. இரண்டு கண்ணிலும் புரை. மகன் சிங்கப்பூரில். கொட்டகையில் நிற்கிற வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்? “ரேடியோவுல ஊரையே பேசிப் பேசி மயக்குறியே, உன் மாமாகிட்ட பேச மாட்டியா?” என்று அம்மா என்னைத்தான் மலைக்கு அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை கிளம்பிப் போனேன்.

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களுக்கு லேண்ட்ரோவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி, லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைத் தாண்டி ரிங்லெட்டுக்குள் நுழைந்தாலே ஒன்று எதிரே வரும். முட்டைக்கோஸ் மூட்டையோடு வரும், கோழி எருவோடு வரும், பிரிஞ்சாங் மலைமேல் பாசிக்காட்டைப் பார்க்கப் போகிற சுற்றுப்பயணிகளோடும் வரும். சிலவற்றுக்குக் கதவு இருக்காது. சிலவற்றின் ஒரு கதவு பச்சை, மற்றது நீலம். சிறு வயதில் நான், லேண்ட்ரோவர் என்றாலே இரண்டு நிறத்தில்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த வண்டி ஏன் இந்த மலையோடு இப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு காரணம் பாதை. தேயிலைச் சரிவுகளுக்குள் போகும் மண் பாதையில் மழைக்குப் பிறகு சாதாரண லோரி ஏறாது. இன்னொரு காரணம், காலம். லேண்ட்ரோவரை முதன்முதலாக உலகத்துக்குக் காட்டியது 1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். அதே ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிரிட்டிஷ் படைகள் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் சுற்றின. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவமும் லேண்ட்ரோவரையே ஓட்டியது. ராணுவம் பயன்படுத்தி முடித்ததைக் கழிக்கும், வியாபாரி மொத்தமாக எடுப்பார், அவரிடமிருந்து தோட்டக்காரரும் காய்கறி விவசாயியும் வாங்குவார்கள். மாமாவும் அப்படித்தான் 1986-இல் ஈப்போவில் ஒரு வியாபாரியிடம் வாங்கினார். தேயிலைத் தோட்டத்தில் டிரைவராக இருந்துகொண்டே, குத்தகைக்கு எடுத்த சின்னத் துண்டு நிலத்தில் அத்தையோடு காய்கறி போட்டிருந்த காலம். அந்தப் பணத்துக்கு அத்தையின் வளையல் இரண்டு போனது. இதை அத்தை இன்றைக்கும் சொல்வார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பசியாறல் முடிந்து வெகு நேரமாகியும் அத்தை எனக்காக இட்லியை மூடி வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, என் பேச்சுத் திறமையை எல்லாம் திரட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

மாமா பேச்சே கொடுக்கவில்லை. பானட்டைத் திறந்து, “என்ன தெரியுது சொல்லு” என்றார்.

எனக்குத் தெரிந்தது எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவர் சொன்னதை இங்கே முழுதாக எழுத முடியாது. சுருக்கமாக இதுதான். வண்டியின் சட்டம் ‘சீரிஸ் 2ஏ’ வகை. 1961 முதல் 1971 வரை இங்கிலாந்தின் சோலிஹல்லில் செய்த வகை, நீளமான 109 அங்குல உடம்பு. கியர்பாக்ஸ் அதற்குப் பிந்திய ‘சீரிஸ் 3’ வண்டியிலிருந்து எடுத்தது. பழைய கியர்பாக்ஸில் முதல் இரண்டு கியருக்கும் மாறும்போது கிளட்சை இரண்டு தடவை மிதித்து வேகத்தைப் பொருத்த வேண்டும். புதியதில் அந்தத் தொல்லை இல்லை. பின் அச்சும் ‘சீரிஸ் 3’தான், அதன் கதை பின்னால் வருகிறது. இடது கதவு ஒரு வண்டி, வலது கதவு இன்னொரு வண்டி. கதவின் மேல்பாதி தனியாகக் கழன்று வருமாதலால் கண்ணாடிச் சட்டங்கள் வேறு இரண்டு வண்டிகள். முன்புறக் கம்பி வலை மட்டும் பழையதேதான். ‘சீரிஸ் 3’-இல் அது பிளாஸ்டிக் ஆகிவிட்டது. கம்பி வலை என்றால் கழற்றிக் கழுவிவிட்டு அடுப்பின் மேல் வைத்து மீன் சுடலாம். மாமா சுட்டிருக்கிறார்.

எஞ்சின்? ஜப்பானிய இசுசு டீசல். இரண்டேகால் லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு வந்த வண்டி அது. 1994-இல் ஈப்போவில் ஒரு ஹாஃப்-கட் கடையில் இந்த எஞ்சினை வாங்கி வந்து மாற்றினார்.

இளைய வாசகர்களுக்கு: ஹாஃப்-கட் என்பது ஜப்பானில் கழித்த வாகனத்தைக் குறுக்கே அறுத்து, முன்பாதியை மட்டும் இங்கே கொண்டு வந்து விற்பது. எஞ்சின், கியர்பாக்ஸ், வயர் எல்லாம் ஒட்டியபடியே வரும்.

“ஜப்பான்காரன் எஞ்சின் வெள்ளக்காரன் கியர்பாக்ஸுல எப்படி மாமா உக்காரும்?”

“உக்காராது. உக்கார வைக்கணும்.”

நடுவில் ஒரு கனமான இரும்புத் தகடு. எஞ்சின் பக்கம் இசுசுவின் துளைகள், கியர்பாக்ஸ் பக்கம் லேண்ட்ரோவரின் துளைகள். ஒரு லேத் பட்டறையில் கடைந்து எடுத்தது. இதில் மயிரிழை தப்பினாலும் இரண்டு தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, கிளட்சும் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும். அதைக் கடைந்த சீனத் தவுக்கே இப்போது இல்லை. அவர் பெயரைச் சொல்லும்போது மாமா தகட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகிற வெற்றிடத்தைக் கொண்டே பிரேக்குக்கு உதவி வாங்கலாம். டீசலில் அந்த வெற்றிடம் கிடைக்காது. அதற்கென்று தனியாக ஒரு பம்ப் வேண்டும். இந்த இசுசுவில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே ஒட்டியிருக்கிறது. “எஞ்சின மாத்துறவன் நூறு பேரு. பிரேக்க நெனைக்கிறவன் பத்துப் பேரு. எறங்குற எடம் தாப்பா ரோடு, பாப்பா.” நான் வந்த வழியை நினைத்துக்கொண்டேன்.

கொட்டகையின் பின்மூலையில் கித்தான் போட்டு மூடிய ஒரு குவியல் இருந்தது. அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. மாமா கித்தானை விலக்கினார். பழைய பெட்ரோல் எஞ்சின். அதன் பக்கத்தில் நெல்லிக்காய்ப் பச்சையில் இரும்புப் பெட்டிகள், தடித்த கேபிள்கள், வளைந்த இரண்டு தாங்கிகள்.

“இது என்ன மாமா?”

“உன் சாமானுதான். ரேடியோ.”

மாமாவின் வண்டி சாதாரண ராணுவ லேண்ட்ரோவர் இல்லை. வானொலிக் கருவி பொருத்துவதற்கென்றே ஆயத்தம் செய்யப்பட்ட வகை. ராணுவத்தில் அதை ‘எஃப்.எஃப்.ஆர்.’ என்பார்கள். வழக்கமான வண்டியில் 12 வோல்ட் மின்சாரம். இதில் 24 வோல்ட், 90 ஆம்பியர் தரும் பெரிய மின்னாக்கி, இருக்கைகளுக்கு நடுவே பேட்டரிப் பெட்டி. அந்த வளைந்த தாங்கிகள் முன்பக்க மட்கார்டுகளின் மேல் நின்று ஆன்டெனாவைத் தாங்கியவை.

எனக்குப் பிடித்தது வேறொன்று. வீட்டில் பழைய ஏ.எம். வானொலி கேட்டவர்களுக்கு நினைவிருக்கும், தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் பாட்டுக்கு நடுவே ‘கர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் வரும். பெட்ரோல் எஞ்சினின் தீப்பொறி ஒவ்வொன்றும் ஒரு குட்டி வானொலி ஒலிபரப்புதான். ஓர் எஞ்சினின் மேலேயே உட்கார்ந்து வானொலியில் பேசும் சிப்பாய்க்கு அந்த இரைச்சல் எமன். அதனால் இந்த வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர், பிளக், வயர் எல்லாவற்றுக்கும் உலோகக் கவசம் போட்டு தீப்பொறியின் சத்தத்தை உள்ளேயே அடைத்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு ஊடகம் படித்தேன், பத்து ஆண்டுக்கு மேல் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இரைச்சலை அடக்க இரும்புச் சட்டை போட்ட எஞ்சினை என் மாமாவின் கொட்டகையில்தான் பார்த்தேன்.

“டீசலுக்குத் தீப்பொறியே கெடையாது. இது எதுக்குன்னு கழட்டி வச்சேன். தூக்கிப் போட மனசு வரல” என்றார்.

சரி, பின் அச்சின் கதை.

1998 டிசம்பர். எனக்கு ஒன்பது வயது, பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்திருந்தேன். மூன்று நாளாக விடாத மழை. இரவு பத்து மணிக்குப் பாட்டிக்கு மூச்சு இறைக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சும் விசில் போல வந்தது. மாமா வண்டியை எடுத்தார். முன் இருக்கையில் அத்தையின் தோளில் சாய்ந்து பாட்டி. “நீயும் ஏறு, டார்ச் பிடிக்க ஆள் வேணும்” என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். எதற்கு டார்ச் என்று அப்போது புரியவில்லை. இந்த மலையில் இரவில் வண்டி எடுப்பவருக்கு அது பழக்கம்.

தோட்டத்துப் பாதையில் ஓர் ஏற்றம். பகலில் பெய்த மழையில் பாதை அரித்திருந்தது. மாமா கியரைப் போட்டு அழுத்தினார். பின்னாலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை.

பின் அச்சுக்குள் இருந்த ஹாஃப்-ஷாஃப்ட் ஒடிந்திருந்தது. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு போகிற தண்டு அது. பழைய லேண்ட்ரோவர்களில் எல்லாருக்கும் தெரிந்த பலவீனம். ஆனால் அந்த வண்டியை வடிவமைத்தவர்களுக்கும் அது தெரிந்திருந்ததோ என்னவோ, அந்தத் தண்டின்மேல் வண்டியின் எடை உட்காராது. எடையைத் தாங்குவது வெளிக்குழாய். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், ஜாக் போட வேண்டாம். சக்கரத்தின் நடுவே இருக்கிற ஆறு போல்ட்டைக் கழற்றினால் தண்டு வெளியே உருவிக்கொண்டு வரும்.

மாமா மழையில் மண்டியிட்டு ஆறு போல்ட்டைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். பாதித் தண்டுதான் வந்தது, மீதி உள்ளே மாட்டிக்கொண்டது. அதை அப்படியே விட்டால் டிஃபரன்ஷியலின் பற்களை அரைத்துவிடும். மறுபக்கமும் ஆறு போல்ட்டைக் கழற்றி, அந்த வழியாகக் கம்பியை விட்டுக் குத்தி உடைந்த துண்டைத் தள்ளினார். இரண்டு பக்கத் துளையையும் பிளாஸ்டிக் பையும் துணியும் வைத்துக் கட்டினார். உள்ளே வந்து உட்கார்ந்து, தரையில் இருந்த மஞ்சள் குமிழை அழுத்தினார். அது நான்கு சக்கர ஓட்டத்துக்கான குமிழ். சீரிஸ் வண்டிகளில் அதை அழுத்தினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பின்னால் தண்டே இல்லாததால் முன் சக்கரங்கள் இரண்டும் வண்டியை இழுத்தன. இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த இருபத்தைந்து நிமிடமும் பாட்டியின் விசில் மூச்சு எனக்கு மழையையும் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

தானா ராத்தா மருத்துவமனையில் பாட்டியை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் பதினோரு ஆண்டுகள் இருந்தார்.

இதை நான் எத்தனையோ முறை வீரக்கதையாகச் சொல்லியிருக்கிறேன், வானொலியிலும் ஒரு முறை. ஆனால் அன்று கொட்டகையில் மாமா வேறு மாதிரி சொன்னார். “தப்பு என்னுது பாப்பா. பெட்ரோல் எஞ்சின் இருந்தப்ப அந்த அச்சு எட்டு வருஷம் ஒடையல. டீசல போட்டேன், இழுவை கூடிச்சு. எஞ்சின மாத்தினவன் அச்சயும் பாத்திருக்கணும். பாக்கல. அன்னிக்கு அம்மா போயிருந்தா நான்தான் காரணம்.”

இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அத்தை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

அடுத்த மாதமே மாமா ஒரு கழிந்த ‘சீரிஸ் 3’-இன் கனமான பின் அச்சை வாங்கி மாட்டினார். சாலிஸ்பரி அச்சு என்பார்கள். ஸ்பிரிங் பட்டைகளில் அப்படியே உட்கார்ந்தது. நீளம் மாறியதால் புரொபெல்லர் ஷாஃப்டை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தும் என்பது ஒரு வசதி. பொருந்திவிட்டது என்பதாலேயே தாங்கும் என்று நம்பக்கூடாது. இதை மாமாவுக்கு அந்த இரவு சொல்லிக்கொடுத்தது.

அடுத்த வாரம் ஷா ஆலாம் தம்பி வந்தார். அவரை ஒரு பணக்கார விளையாட்டுப் பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். நான் நினைத்தது தப்பு. வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து, சட்டத்தில் எங்கே எங்கே துரு இருக்கிறது என்று மாமாவிடமே சொன்னார். லேண்ட்ரோவரின் உடம்பு அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது. சட்டமும், டிரைவருக்கு முன்னால் உள்ள தடுப்புச் சுவரும் இரும்பு. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் உரசுகிற இடத்தில் அலுமினியமும் மாவாகும். கோழி எரு ஏற்றியதன் பலன் பின்பக்கச் சட்டத்தில் தெரிந்தது. மாமாவுக்கு அவர்மேல் மரியாதை வந்த நேரம் அதுதான்.

சாப்பாட்டின்போது அவரிடம் நான் கேட்டேன்: எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்குவதில் என்ன இருக்கிறது?

அவர் சொன்னதை நியாயமாகவே எழுதுகிறேன். கேமரன் மலையில் லேண்ட்ரோவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், ராணுவத்தில் எப்படி ஓடினவோ அப்படியே இருப்பவை அரிது. எல்லாரும் எஞ்சினை மாற்றி, கதவை மாற்றி ஓட்டித் தீர்த்துவிட்டால், நம் சிப்பாய்கள் எதில் உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றிரண்டு அருங்காட்சியக வண்டிகள்தான் மிஞ்சும். அவருடைய அப்பா ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். இந்த மாதிரி வண்டியின் பின்புறத்தில்தான் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாகங்கள் மாறுவதைப் பற்றி அவருக்கு ஊர்ப்பட்ட கதைகள் தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஜீப்பை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். எந்தப் பாகமும் எந்த வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. ஃபோர்டுக்கு மனம் கேட்கவில்லை. தங்கள் பாகங்களில், போல்ட்டின் தலையில்கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தார்கள். போர்க்களத்தில் ஒரே வாரத்தில் எல்லாம் கலந்துவிட்டிருக்கும். போர் முடிந்ததும் மிச்ச ஜீப்புகள் பிலிப்பைன்ஸில் ஜீப்னி பஸ்ஸாக மாறின. நம் நாட்டிலும் போர்க்கால ராணுவ லோரிகள் மர வேலைக்காகக் காட்டுக்குள் போயின. இழுவைக் கம்பிச் சுருளைச் சுமந்துகொண்டு, வெவ்வேறு வண்டிகளின் பாகங்களால் உயிர் வாழ்ந்த அவற்றை ‘சந்தாய் வோங்’ என்றார்கள். டார்ஜீலிங் பக்கம், மானேபஞ்சனிலிருந்து சந்தக்ஃபூ மலைக்கு 1950களின் லேண்ட்ரோவர்கள் இன்னும் ஏறுகின்றன. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களில் ஓடியவை. அவற்றிலும் பல இன்று மகிந்திரா டீசல் எஞ்சினோடு ஓடுகின்றன. நம் ஊர்க் கதைதான், சட்டை மட்டும் வேறு.

கடைசியாக அவரே ஒரு விஷயத்தைச் சொன்னார், தன் கட்சிக்கு எதிராகப் போகும் என்று தெரிந்தே. ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கில்சீ தீவில் இருந்த தன் பண்ணையில் ராணுவம் கழித்த ஒரு ஜீப்பை வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் லேண்ட்ரோவர் செய்யும் எண்ணமே வந்தது. 1947-இல் செய்த முதல் மாதிரி வண்டிக்கு ஜீப்பின் சட்டத்தையே எடுத்து, அதில் ரோவர் எஞ்சினை வைத்தார்கள். உடம்புக்கு அலுமினியம் போட்டது, போருக்குப் பின் இரும்புக்குத் தட்டுப்பாடு என்பதால். முதல் வண்டிகளின் பச்சை நிறம்கூட, போர் விமானங்களின் உட்புறத்துக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்.

மாமா சோற்றில் கை வைத்தபடி சிரித்தார். “அப்ப மொத லேண்ட்ரோவரே என் வண்டி மாதிரிதான்.”

“ஆமா அங்கிள்” என்றார் அவர். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் மாமா கேட்டார்: “நான் குடுத்துட்டேன்னு வச்சுக்குங்க தம்பி. இந்த எஞ்சின், அந்தத் தகடு, இந்தப் பின் அச்சு எல்லாத்தையும் என்ன பண்ணுவீங்க?”

அவர் பொய் சொல்லவில்லை. “எஞ்சினை யாருக்காவது விற்றுவிடுவேன். மற்றது இரும்புக் கடைக்கு.”

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவரைக் கொட்டகையின் பின்மூலைக்கு அழைத்துப் போனார். கித்தானை விலக்கினார்.

அந்தத் தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 24 வோல்ட் மின்னாக்கி, கவசம் போட்ட டிஸ்ட்ரிபியூட்டர், பேட்டரிப் பெட்டி, ஆன்டெனாத் தாங்கிகள், எஞ்சின். ஷா ஆலாமில் அவர் கொட்டகையில் ஓடாமல் நிற்கிற வண்டியும் ‘2ஏ’, அதே 109 அங்குலம். வானொலிச் சாமான் ஒன்றுகூட இல்லாமல், எஞ்சின் உடைந்து கிடக்கிறது. மாமாவின் குவியலில் இருந்த எல்லாமே அதில் அப்படியே உட்காரும்.

அவர்கள் பேசி முடித்த விலையை நான் கேட்கவில்லை. மைவி வாங்க முடியாது. அத்தைக்கு இரண்டு வளையல் வாங்கலாம். மாலையில் இரண்டு பக்கத்துப் பையன்களின் உதவியோடு எல்லாவற்றையும் அவருடைய பிக்அப்பில் ஏற்றினார்கள். ஆன்டெனாத் தாங்கி இரண்டையும் மாமா கடைசியாகத் தானே தூக்கிக் கொடுத்தார்.

ஆக, மாமாவின் வண்டி கழிந்த வண்டிகளின் பாகங்களோடு இங்கேயே நிற்கிறது. அதன் ராணுவப் பாகங்கள் இன்னொரு வண்டியை ராணுவ வண்டியாக்கப் போய்விட்டன. எது அசல் என்று கேட்டால், அந்தத் தம்பி ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார். சிக்னல் பிரிவில் இருந்த அந்த அப்பா, ஆன்டெனாவோடு நிற்கும் வண்டியைப் பார்க்கும்போது என் மாமாவின் கொட்டகையை நினைக்க மாட்டார். அது சரிதான். எனக்கு மட்டும் அந்தக் கடைந்த தகடு இரும்புக் கடைக்குப் போகவில்லை என்பதில் ஒரு நிம்மதி.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது ஹாஃப்-கட் கடைக்குக் கிளம்பிவிடுவீர்கள். 1994-இல் மாமா எஞ்சினை மாற்றியதை முறைப்படி பதிவு செய்யவில்லை. கிராண்டில் இருப்பது பழைய எஞ்சின் எண். அதனால் பல ஆண்டுகளாக வண்டி பொதுச்சாலைக்கு வராமல் தோட்டத்துப் பாதையிலும் நிலத்திலும் மட்டுமே ஓடுகிறது. எஞ்சினை மாற்றுவதென்றால் ஜேபிஜே அனுமதி வேண்டும், வாகனப் பரிசோதனை வேண்டும், புதிய எண் பதிவாக வேண்டும். மாற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டுச் செய்வது சுலபம். முப்பது ஆண்டு கழித்துச் செய்யும்போது என்ன பாடு என்பதை நான் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அந்த வேலையை மாமா என் தலையில் கட்டிவிட்டார். பழைய எஞ்சின் எங்கே என்று அதிகாரி கேட்டால் ஷா ஆலாமைக் கைகாட்ட வேண்டும். அதற்கும் ஒரு ரசீது எழுதி வாங்கி வைத்திருக்கிறோம்.

அதற்கு முன்னால் பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார் மாமா. தாப்பா சாலையில் ஒரு தடவையாவது முறைப்படி இறங்கிப் போய், கீழே ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு மேலே வர வேண்டும் என்பது அவர் ஆசை.

ஓட்டப் போவது யார் என்று நான் கேட்டேன். மாமாவுக்கு அடுத்த மாதம் முதல் கண்ணுக்கு அறுவை சிகிச்சை. எனக்கு ஆட்டோ கியர்தான் வரும்.

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றார் அத்தை, சமையலறையிலிருந்து.

1991-இலிருந்து அவரிடம் லைசன்ஸ் இருக்கிறதாம். காய்கறி மூட்டையோடு இந்த வண்டியைப் பாதி நாள் ஓட்டியது அவர்தானாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தட்டைத் துடைத்து வைத்துவிட்டு வந்து, வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பினார். இசுசு முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கொட்டகையிலிருந்து பின்னோக்கி எடுத்து, எரு மேட்டின் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, “கிளட்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கு, பாருங்க” என்று மாமாவிடம் சொன்னார்.